அந்த அம்புக்குறி எந்த வரிக்குரியது? வைத்தியசாலை நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

உங்கள் வைத்தியசாலையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வெளிநோயாளர் பிரிவு வாசலில் புதிதாகத் தொங்கும், வழி காட்டும் நீலப் பலகை என்றால் உங்களுக்கும் விளங்கும், மட்டக்களப்பில் கிளினிக்குக்கு வந்து போகிற சனத்துக்கும் விளங்கும். இரண்டு தடவை நேரில் வந்து சொன்னேன். "பார்ப்பம்" என்றார்கள். அதனால் இப்போது எழுத்தில் கேட்கிறேன்: ஒவ்வொரு இடத்தின் பெயரையும் அதன் அம்புக்குறியோடு சேர்த்து வையுங்கள். அடுத்த பெயருக்கு முன் இடைவெளி விடுங்கள்.

போன கிளினிக் நாளன்று என் பெரியம்மா கொக்கட்டிச்சோலையிலிருந்து விடியவே வெளிக்கிட்டு, மண்முனைப் பாலத்தால் பஸ்ஸில் வந்தார். வயது 71. வர வேண்டியது கண் கிளினிக்குக்கு. பலகையைப் பார்த்தார், அம்புக்குறி இடப்பக்கம் காட்டியது, இடப்பக்கம் போனார். அங்கே இருந்த வரிசையில் ஒன்றரை மணித்தியாலம் நின்ற பிறகுதான் அது இரத்தப் பரிசோதனைக்கான வரிசை என்று தெரிந்தது. திரும்பி ஓடி வந்தபோது கண் கிளினிக்கில் நம்பர் கொடுத்து முடிந்துவிட்டது. கிளினிக் கொப்பியில் அடுத்த மாதத் திகதி போட்டு அனுப்பிவிட்டார்கள். "யாரிடமாவது கேட்டிருக்கலாமே" என்றேன். "வாசிக்கத் தெரிஞ்ச நான் ஏன் மனே கேக்கணும்?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டும்.

நான் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறவன். மறுநாள் வந்து பெரியம்மா நின்ற இடத்திலேயே நின்று அந்தப் பலகையைப் பார்த்தேன். ஐந்து இடங்கள், மூன்று மொழிகள், மொத்தம் 15 வரிகள். எல்லா வரிகளுக்கும் இடையில் ஒரே அளவு இடைவெளி. முதலில் தமிழ், அடுத்து சிங்களம், அதற்குக் கீழே ஆங்கிலம். அம்புக்குறியோ ஆங்கில வரிக்கு நேரே. அப்படியென்றால் தமிழில் 'கண் சிகிச்சை' என்ற வரிக்கு உரிய அம்புக்குறி இரண்டு வரி கீழே நிற்கிறது. இரத்தப் பரிசோதனைக்குரிய அம்புக்குறி ஒரே ஒரு வரி மேலே நிற்கிறது. கண் எதைப் பிடிக்கும்? கிட்ட இருப்பதைத்தான் பிடிக்கும். பெரியம்மா பிழை விடவில்லை. பலகை சொன்னபடியே போயிருக்கிறார்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமில்லை. ஜேர்மனிய உளவியலாளர் மேக்ஸ் வெர்த்தைமர் 1923இல் எழுதிய கட்டுரையில் வெறும் புள்ளிகளைப் போட்டே இதைக் காட்டினார். கிட்டக்கிட்ட இருக்கும் புள்ளிகளைக் கண் தானாகவே ஒரு கூட்டமாகச் சேர்த்துவிடும். நாம் நினைத்தாலும் அதைத் தடுப்பது கஷ்டம். என் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஆறு புள்ளி வைத்துக் காட்டுவேன். சம இடைவெளியில் வைத்தால் ஒரு வரிசை. இரண்டிரண்டாக நெருக்கி வைத்தால் மூன்று சோடி. புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை.

அப்புறம் நிறம். நீலத்தில் சிவப்பு எழுத்து. நம் கண்வில்லையால் சிவப்பையும் நீலத்தையும் ஒரே நேரத்தில் கூர்மையாகக் குவிக்க முடியாது; எழுத்தின் ஓரம் நடுங்குகிற மாதிரித் தெரியும். நிறம் இரண்டானாலும் வெளிச்ச அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் எழுத்து பின்னணிக்குள் அமிழ்ந்து போகும். பாரிஸில் கோப்லாங் நெசவுசாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷெவ்ரெல் என்ற இரசாயனவியலாளர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் முறைப்பாடு வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் பிழை இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் பலத்தைக் குறைத்திருக்கின்றன. 1839இல் இதையெல்லாம் பெரிய புத்தகமாகவே எழுதி வைத்தார். உங்கள் பலகையின் சிவப்பும் அப்படித்தான். தனியே ஒரு தாளில் பூசிப் பார்த்தால் நல்ல சிவப்புத்தான். நீலத்தின் மேல் வைத்தபோதுதான் கெட்டது.

எழுத்தின் அளவையும் சொல்ல வேண்டும். பெரியம்மாவின் கொப்பியில் பார்வை 6/18 என்று உங்கள் வைத்தியரே எழுதியிருக்கிறார். அதாவது, நல்ல கண் 18 மீற்றர் தூரத்தில் வாசிக்கும் எழுத்தை அவர் 6 மீற்றரில் நின்றால்தான் வாசிப்பார். அந்தப் பார்வைக்கு 6 மீற்றர் தூரத்தில் கண் பரிசோதனை அட்டை எழுத்தே ஏறத்தாழ 26 மில்லிமீற்றர் உயரம் இருந்தால்தான் மட்டுமட்டாகத் தெரியும். உங்கள் பலகையில் தமிழ் எழுத்து 20 மில்லிமீற்றர் கூட இல்லை. அதுவும் வரிக்குள் அடங்க வேண்டும் என்று பக்கவாட்டில் நெருக்கப்பட்ட எழுத்து. 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி 'ன' ஆகிவிட்டன. புள்ளிகள் எழுத்தின் தலையோடு கரைந்துவிட்டன.

உங்கள் பலகை மட்டுமல்ல, இந்த மாவட்டத்தில் எத்தனை பலகைகளில் தமிழ் இப்படி நசுங்கிக் கிடக்கிறது! எழுத்துப் பிழையோடு தொங்குகிறவை வேறு. முந்தி தூரிகையால் பெயர்ப்பலகை எழுதியவர்கள் ஒரு சொல் எழுதி முடிந்ததும் ஏணியிலிருந்து இறங்கி, வீதியைக் கடந்து போய், எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பார்கள். பிறகு வந்து திருத்துவார்கள். சின்ன வயதில் நான் சித்திரம் கற்றது அவர்களைப் பார்த்துத்தான். இப்போது கம்பியூட்டர் திரைக்கு ஓர் அடி தூரத்தில் இருந்து பார்த்து, சரி என்று பிரின்ட் அடித்துவிடுகிறார்கள். தூர நின்று பார்ப்பதற்கு யாருக்கும் நேரம் இல்லை. அந்த நேரத்தையெல்லாம் எங்கள் வயதானவர்கள் வரிசையில் நின்று கொடுக்கிறார்கள்.

கோபத்தில் கொஞ்சம் விலகிப் போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். பெயரையும் அதன் அம்புக்குறியையும் சேர்த்து வையுங்கள், அடுத்ததற்கு முன் இடைவெளி விடுங்கள். புதிய பலகைக்கு நிதி வர நாள் எடுக்கும் என்றால், அதுவரைக்கும் மூன்று மொழிக்கு ஒரு தடவை குறுக்கே வெள்ளை ரேப் ஒட்டி, ஐந்து கட்டமாகப் பிரித்துவிடலாம். ஒரே கட்டத்துக்குள் இருப்பதைக் கண் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். நாலு கோடு போதும். ரேப்பும் ஏணியும் நானே கொண்டு வருகிறேன். ஒரு சனிக்கிழமை காலை அனுமதி தந்தால் அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுவேன்.

பெரியம்மாவின் அடுத்த திகதி ஒரு புதன்கிழமை. அன்று எனக்குப் பள்ளிக்கூடம், அவர் தனியாகத்தான் வருவார். தயவுசெய்து அதற்கு முன் ஒரு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு சித்திர ஆசிரியர்,
மட்டக்களப்பு