முடியாத செட்டுக்கு வெற்றியாளரை அறிவித்தது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா / அம்மா,

உங்கள் கணிப்புச் சந்தையில் (கேட்டது நடந்தால் 'ஆம்' பங்குக்கு 100 செண்ட், நடக்காவிட்டால் பூஜ்யம்) டென்னிஸ் செட் ஒப்பந்தங்களை வாங்கி விற்கும் வாடிக்கையாளர் நான். சென்ற வாரம் ஓர் ஆட்டத்தில், 'இரண்டாம் செட்டை இவர் வெல்வாரா?' என்ற கேள்விக்கு 'ஆம்' பக்கம் 46 செண்ட் விலையில் வாங்கினேன். முதல் செட்டை டை-பிரேக்கில் (6-6 ஆனால் ஆடும் முடிவு கேமில்) விட்ட அந்த வீரர், இரண்டாவதில் எதிராளியின் சர்வை இரண்டு முறை பிரேக் செய்து, அதாவது எதிராளி சர்வ் போட்ட இரண்டு கேம்களை வென்று, 5-2 என்று முன்னேறினார். விலையும் 93 செண்ட் வரை ஏறியது. செட்டை முடிக்க சர்வ் போட வந்தவர், 30-15 என்று இருக்கும்போது தொடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் போனார். பிசியோ வந்து கட்டுப் போட்டும் பயனில்லை. எதிராளிக்குக் கைகொடுத்துவிட்டு ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார்.

ஆட்டம் எதிராளிக்குப் போனது, அது சரி. ஆனால் நீங்கள் இரண்டாம் செட்டையும் அவரே வென்றதாக வைத்து, என் பங்குகளைப் பூஜ்யத்துக்குத் தீர்த்துவிட்டீர்கள்.

உங்கள் செட் ஒப்பந்தத்தின் விதிப் பக்கத்தில், செட் முழுமையடையாமல் ஆட்டம் நின்றால் ஒப்பந்தம் ரத்து, வாங்கிய விலை திருப்பித் தரப்படும் என்றுதான் இருக்கிறது. வாங்குவதற்கு முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன். அடுத்த சுற்றுக்குப் போகிறவரே வெற்றியாளர் என்ற விதி, ஆட்டத்துக்கான ஒப்பந்தப் பக்கத்தில் இருப்பது. அதைத் தூக்கி இங்கே பொருத்தினால் எப்படி?

ஆட்டத்தை வெல்வது வேறு, செட்டை வெல்வது வேறு. 2025 விம்பிள்டன் நான்காம் சுற்றில் சின்னருக்கு எதிராக டிமிட்ரோவ் 6-3, 7-5 என்று இரண்டு செட்டுகளை எடுத்து, மூன்றாவதில் 2-2 என்று இருக்கும்போது மார்புத் தசைக் காயத்தால் விலகினார். சின்னர் ஒரு செட்கூட வெல்லாமல் காலிறுதிக்குப் போனார். 2022 பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதியிலும் அப்படித்தான்: நடால் முதல் செட்டை 7-6 என்று எடுத்திருந்தார், இரண்டாம் செட் 6-6 என்று நின்றபோது எதிராளி ஸ்வெரெவ் கணுக்கால் பிசகிச் சக்கர நாற்காலியில் வெளியேறினார். நடால் இறுதிக்குப் போனார், ஆனால் அந்த இரண்டாம் செட்டை யாரும் வெல்லவில்லை. ஒரு செட்டை எடுக்க இரண்டு கேம் வித்தியாசத்தில் 6 கேமாவது வேண்டும், 6-6 ஆனால் டை-பிரேக்கை வெல்ல வேண்டும். என் ஒப்பந்தத்தில் நீங்கள் வெற்றியாளர் என்று எழுதியவரிடம் இருந்தது 2 கேம்.

உதவிப் பிரிவுக்கு இதையெல்லாம் விளக்கி எழுதினேன். "அதிகாரப்பூர்வ முடிவின்படி தீர்க்கப்பட்டது" என்ற ஒரே வரியை வெட்டி ஒட்டி அனுப்புகிறார்கள். அந்த அதிகாரப்பூர்வ ஸ்கோரில் இரண்டாம் செட் 5-2, விலகல் என்றுதான் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தார்களா என்றே தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிசியோ சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் 80 செண்ட்டுக்கு விற்க ஆர்டர் போட்டேன். வாங்க ஆள் இருந்தும் 'செயலாக்கத்தில்' என்றே நின்றது. ரத்து செய்யவும் முடியவில்லை. சந்தையை நிறுத்திவைத்திருந்தால் அதைத் திரையில் சொல்லியிருக்க வேண்டாமா?

ஒரு செட்டை விட்டுக்கொடுத்தும் ஆட்டத்தை வெல்லலாம் என்பதால், டென்னிஸில் முறைகேட்டுச் சந்தேகம் சீக்கிரம் எழும் இடங்களில் செட்டும் ஒன்று. அதில் சந்தை நடத்துகிறவர்கள் தாங்கள் எழுதிய விதியையே மீறினால், நாங்கள் எதை நம்பிப் பணம் போடுவது?

ஆகவே இந்தத் தீர்வை ரத்து செய்து, 'ஆம்', 'இல்லை' இரண்டு பக்கத்தாருக்கும் வாங்கிய விலையைத் திருப்பித் தாருங்கள். 'இல்லை' பக்கம் 100 செண்ட் பெற்றவர்களுக்கும் அதே விதிதான். என் விற்பனை ஆர்டர் ஏன் நின்றது என்பதற்கு நேரக் குறிப்புகளுடன் எழுத்துப்பூர்வமான விளக்கமும் வேண்டும். தானியங்கிப் பதில் வேண்டாம். விதிப் பக்கத்தைப் படித்த ஒருவர் பதில் எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: விதிப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ஆர்டர் விவரம், உதவிப் பிரிவின் பதில்கள்