செயலாளர் ஆண்டறிக்கை: மதிலும் மழையும்

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பழைய வண்ணாரப்பேட்டைக் குடியிருப்பாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. மழைநீர் வடிகாலில் தூர் வாரக் கோரி மூன்று முறை மனு கொடுத்தோம். ஒரு தெருவில் வேலை நடந்தது. மற்ற தெருக்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. குடிநீர் லாரி வரும் நேரம் பற்றிய புகார் தீர்ந்தது. பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் சிறப்பாக நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஐப்பசியில் நாம் சென்ற வரலாற்றுப் பயணத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

பழவேற்காட்டுக்குப் போய் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்ப்பதுதான் திட்டம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேன் வந்து நின்றபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. இந்த மழையில் அவ்வளவு தூரம் வேண்டாம் என்றார் ஓட்டுநர். கட்டிய புளிச்சோறு கையில் இருக்க, வீடு திரும்ப யாருக்கும் மனம் வரவில்லை. மகளிர் குழுவைச் சேர்ந்த மூத்த அம்மா ஒருவர், "நம் பேட்டையை முதலில் பார்த்தோமா? அதைக் காட்டுங்கள்" என்றார். அந்தச் சொல்தான் பயணத்தைத் திருப்பியது.

மாடிப் பூங்காவில் இருந்து தொடங்கினோம். அங்கே உயர்ந்து நிற்கும் மேட்டைப் பூங்காவுக்காகக் கொட்டிய மண் என்றே நம்மில் பலர் நினைத்திருந்தோம். அது சென்னையின் பழைய நகர மதிலில் எஞ்சிய துண்டு. 1769இல் ஹைதர் அலியின் படை சென்னையின் வாசல் வரை வந்த அச்சத்தில், இன்றைய ஜார்ஜ் டவுனான கறுப்பர் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் கிழக்கிந்தியக் கும்பினியார் எழுப்பிய மதில் அது. கட்டிய செலவை ஈடுசெய்ய மக்கள்மேல் வரி போட நினைத்தார்கள். அந்த வரி வசூலாகவே இல்லை. 'மதில் வரி' என்ற பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலையில் தங்கிவிட்டது. நனைந்த செங்கல்லை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தோம். நம் பேட்டையின் பெயரே கும்பினித் துணிகளை வெளுத்துக் கொடுத்த வண்ணார்களின் உழைப்பில் பிறந்தது என்பதை அங்கே நின்று பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

அடுத்து அண்ணா பூங்கா. அன்றைய ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பர் 18 அன்று திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் இங்கேதான் நடந்தது. எண்பதைக் கடந்த நம் உறுப்பினர் ஒருவர், அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்தக் கூட்டத்துக்கு வந்ததாகவும், மேடையில் யார் பேசினார்கள் என்பது நினைவில்லை, அப்பாவின் தலையில் போட்டிருந்த ஈரத் துண்டின் வாசனை மட்டும் இன்னும் நினைவிருக்கிறது என்றும் சொன்னார். கட்சி வேறுபாடின்றி எல்லோரும் குடையை அவர் பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்டோம். இந்த ஆண்டில் நான் கேட்ட சிறந்த உரை அதுதான்.

சுரங்கப் பாதையில் நீர் நின்றதால் சுற்றிக்கொண்டு இராயபுரம் ரயில் நிலையம் போய்ச் சேர்ந்தோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. சென்ட்ரல் நிலையம் வந்தது 1873இல்தான். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர், தூண்கள் நின்ற முகப்பின் கீழ் எங்களை ஒதுங்கச் செய்து இதையெல்லாம் விளக்கினார். அன்றாடம் அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்கள்கூட அன்றுதான் அந்தத் தூண்களை நிமிர்ந்து பார்த்தார்கள்.

1910இல் கட்டப்பட்ட பார்சி அக்னிக் கோயிலை வெளியில் நின்று பார்த்தோம். பிற சமயத்தார் உள்ளே செல்லக் கூடாது என்பது அவர்கள் மரபு. புனித இராயப்பர் ஆலயத்தையும் காலடிப்பேட்டையையும் வேனுக்குள் இருந்தே பார்க்க வேண்டியதாயிற்று. கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றியதால் காலெட் பேட்டை; அதுவே நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று.

நடை சாத்தும் முன் திருவொற்றியூர் தியாகராயர் கோயிலை அடைந்துவிட்டோம். மழையில் கூட்டம் இல்லை. மூலவர் ஆதிபுரீஸ்வரரின் கவசம் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டுமே நீக்கப்படும் என்பதால், கவசத்தோடுதான் தரிசித்தோம். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த மகிழ மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது கருவறை விமானம். பின்புறம் வளைந்த தூங்கானை மாட அமைப்பு. முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில், இங்கிருந்த மடத்தின் தலைவர் சதுரானன பண்டிதர் முன்நிற்க, ரவி என்கிற வீரசோழத் தச்சன் கட்டியது என்று கல்வெட்டு சொல்கிறது. அரசன் பெயரோடு, கல் சுமந்து செதுக்க வைத்தவன் பெயரும் ஆயிரம் ஆண்டாக அங்கே இருக்கிறது. அந்தக் கல்லில் மழைநீர் வழிந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வேனில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்ததற்கு இப்போது நன்றி சொல்கிறேன். பிறகு பட்டினத்தார் சமாதி அருகே, கடல் இரைச்சலைக் கேட்டபடி வேனுக்குள் புளிச்சோறு சாப்பிட்டு, மாலைக்குள் திரும்பினோம். யாருக்கும் காய்ச்சல்கூட வரவில்லை.

இந்தப் பயணத்தின் தொடர்ச்சியாகச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. மாடிப் பூங்காவில், இது பழைய நகர மதில் என்று எல்லோரும் படிக்கும் அளவில் தமிழில் ஒரு பலகை வைக்க அனுமதி கேட்டு முறைப்படி மனு செய்வது. செலவைச் சங்கம் ஏற்பது. மற்றொன்று, நம் மூத்த உறுப்பினர்களின் நினைவுகளை வீடு தேடிச் சென்று பதிவு செய்வது. இதை மட்டும் தள்ளிப்போட முடியாது. அன்று பூங்காவில் பேசிய பெரியவரின் வீட்டுக்கு வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் போகிறோம். நோட்டும் பேனாவும் கொண்டு இருவர் உடன் வந்தால் போதும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.

அறிக்கையை ஏற்றுத் தீர்மானங்களுக்கு ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்