கேட்காமலே வெளுக்கப்பட்ட முகங்கள்: 12 படங்கள் பற்றிய முறைப்பாடு

பொகவந்தலாவை
2025.06.14

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

கடந்த மே மாதம் 20ஆம் திகதி 8×12 அங்குல அளவில் 12 படங்களை மேட் தாளில் அச்சிட உங்கள் புகைப்பட லேபில் கொடுத்தேன். கூரியர் செலவோடு 10,800 ரூபாய் கட்டினேன். ஆர்டர் படிவத்தில் 'நிறத் திருத்தம் வேண்டாம்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அது கண்ணில் படாமல் போகலாம் என்று பயந்து, 'எதையும் மாற்றாமல் உள்ளபடியே அச்சிடவும்' என்று தனியாக ஒரு குறிப்பும் எழுதி அனுப்பினேன். ஜூன் 3ஆம் திகதி பார்சல் வந்தது. 12 படங்களில் 9 படங்கள் மாற்றப்பட்டிருந்தன.

நான் இங்கே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். பிறந்து வளர்ந்தது லயத்துக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில். இரண்டு வருடத்துக்கு முன்பு பாவித்த கமரா ஒன்று வாங்கி, சனி ஞாயிறுகளில் தோட்டத்தைப் படம் எடுக்கவும், எடுத்ததைக் கணினியில் திருத்தவும் பழகி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தேறிய படங்கள்தான் உங்களிடம் வந்த 12. அவற்றில் என்ன வேலை இருந்தது என்று சொன்னால்தான் நீங்கள் எதை அழித்தீர்கள் என்பது புரியும்.

எங்கள் பக்கத்துக் காலைப் பனியில் படம் எடுப்பது லேசான காரியம் இல்லை. எதைக் காட்டினாலும் கமராவின் ஒளிமானி அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்ளும். வெள்ளைப் பனியைக் காட்டினால் படம் மங்கி அழுக்காகிவிடும். அதனால் ஒளியை ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்காக, கூட்ட வேண்டும். கறுத்த முகத்தை மட்டும் குறிவைத்து அளந்தால் கதை தலைகீழ். அந்த முகத்தையும் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்த்து கமரா அதை வெளுத்துவிடும். அங்கே குறைக்க வேண்டும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில் பனிக்குள் நிற்கும் எங்கள் ஆட்களை எடுக்கும்போது இந்த இரண்டு சிக்கலும் ஒரே படத்துக்குள் வரும். இது பிடிபட எனக்கு எட்டு மாதம் ஆனது. எத்தனையோ காலைகள் வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறேன்.

அப்புறம் திருத்தும் வேலை. வழக்கமான ஜேபெக் ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ ஃபைல் என்னுடையதில் 14 பிட், அதில் 16,384 படிகள். நெற்றிக்கும் கன்னத்துக்கும் இடையில் உள்ள சின்னச் சின்ன நிற வேறுபாடுகள் அந்தப் படிகளில்தான் ஒளிந்திருக்கின்றன. அவற்றை வெளியே கொண்டுவர ஒரு படத்துக்கு இரண்டு மூன்று இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் நீங்கள் கேட்டபடியே எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், 300 டிபிஐயில், 3600×2400 பிக்சல் அளவில் அனுப்பினேன்.

இனி வந்து சேர்ந்த படங்கள். முதலாவதில் என் பெரியம்மா இருக்கிறார். 38 வருடம் கொழுந்து பறித்து, இந்த மாதம்தான் வேலையை விட்டார். நெற்றியில் கூடைக் கயிறு, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, பின்னால் பனிக்குள் பாதி மறைந்த மலை. உங்கள் லேபில் பனியைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். பின்னால் இருந்த மலை பச்சைச் சாயம் பூசிய சுவர்போல் வந்து நிற்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பெரியம்மாவின் முகத்தை இரண்டு மூன்று நிறம் வெளுத்திருக்கிறார்கள். கன்னத்துச் சுருக்கங்களை வழித்திருக்கிறார்கள். கூடைக் கயிறு வருடக்கணக்காக அழுத்தி நெற்றியில் விட்ட தழும்பு படத்தில் இல்லை. அந்தத் தழும்பின் மேல் வெளிச்சம் சாய்வாக விழ வேண்டும் என்றுதான் மூன்று ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தேன்.

இரண்டாவது படம் அவருடைய கைகள் மட்டும். தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். தேய்த்துக் கழுவினாலும் போகாத கறை அது. உங்கள் இயந்திரம் அதை அழுக்கு என்று நினைத்திருக்க வேண்டும். விரல்கள் கறையே இல்லாமல், பொம்மை விரல்போல் வழுவழுப்பாக வந்திருக்கின்றன.

வேலையை விட்ட நாளில் அந்த இரண்டு படங்களையும் பிரேம் போட்டுக் கொடுப்பதாகப் பெரியம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். வேறு வழியில்லாமல் இதையே காட்டினேன். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. "என்னைய வெள்ளையாக்கி இருக்காங்களே புள்ள, நம்ம நெறம் போட்டோவுக்குச் சரிவராதோ?" என்று கேட்டார். சரிவரும் பெரியம்மா, நான் அப்படித்தான் எடுத்தேன் என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே அந்தக் கேள்விக்காகத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாசி மாதக் காமன் கூத்தில் மன்மதன் எரியும் இரவை எடுத்த மூன்று படங்களில், தீ வெளிச்சத்தின் செம்மஞ்சளை 'சரிசெய்து' டியூப்லைட் வெளிச்சம்போல் ஆக்கியிருக்கிறீர்கள். தீ எரிகிறது, ஆட்களின் முகத்தில் தீ இல்லை. இரண்டு படங்கள் 8×12க்குப் பதிலாக 8×10ஆக வெட்டப்பட்டு வந்தன. அதில் ஒன்றில் கொழுந்தை ஒரே மட்டமாகப் பறிக்கச் செடிமேல் வைத்திருந்த மட்டக்கம்பின் ஒரு முனையே காணாமல் போய்விட்டது. மீதி இரண்டில் லயத்துக் கூரைமேல் படர்ந்த அடுப்புப் புகையைப் பனியோடு சேர்த்துத் துடைத்துவிட்டீர்கள்.

ஜூன் 5ஆம் திகதி உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். என் கணினித் திரை அதிக வெளிச்சமாக இருப்பதால் எனக்கு அப்படித் தெரிகிறது என்று சொன்னார்கள். இது பொருந்தாத பதில். திரை அதிக வெளிச்சமாக இருந்தால் நான் படத்தை அளவுக்கு மேல் இருட்டாக்கியிருப்பேன், அச்சும் இருட்டாகத்தான் வந்திருக்கும். எனக்கு வந்தவை வெளுத்த படங்கள். சந்தேகம் தீர, பெரியம்மா படத்தின் அதே ஃபைலை ஹட்டனில் உள்ள ஒரு சின்ன ஸ்டூடியோவில் கொடுத்து அச்சிட்டேன். நான் திருத்தியபடியே வந்தது. இரண்டு அச்சுகளையும் இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து, "பொதுவாக எல்லாரும் வெளிச்சமாக இருப்பதைத்தான் விரும்புவார்கள்" என்றார்கள். விரும்புகிறவர்களுக்குச் செய்து கொடுங்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த எனக்கு ஏன் செய்தீர்கள்? கறுத்த தோலைப் பிழை என்று எடுத்துக்கொள்ளும் ஒரு அமைப்பு உங்கள் இயந்திரத்தில் இருக்கிறதென்றால், அதை நிறுத்தி வைப்பது இயக்குகிறவரின் வேலை. இந்த நாட்டில் உங்களிடம் வரும் முகங்களில் எத்தனை முகங்கள் எங்கள் நிறத்தில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் ஊர் சென் மேரிஸ் தேவாலயத்தில் பேர்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. 48 வயதில் முதல் கமராவைக் கையில் எடுத்தவர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இந்த மலைநாட்டிலேயே இறந்தார். நாற்பதைத் தாண்டிப் பழகத் தொடங்கிய எனக்கு அவர் கதை பெரிய தெம்பு. கண்ணாடித் தட்டில் மருந்து பூசுவது முதல் அச்சுப் போடுவது வரை அவரே கைப்படச் செய்வார். எனக்கு அந்த வசதி இல்லை. தரமான அச்சு இயந்திரம் ஆசிரியர் சம்பளத்தில் எட்டாது. கடைசிப் படியை இன்னொருவர் கையில் நம்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அப்படித்தான் உங்களிடம் கொடுத்தேன்.

ஆகவே, மாற்றப்பட்ட 9 படங்களையும் எந்தத் திருத்தமும் இல்லாமல், 8×12 அளவில், உங்கள் செலவில் மீண்டும் அச்சிட்டு அனுப்புங்கள். பெரியம்மாவின் இரண்டு படங்களையும் முதலில் அனுப்பினால் நல்லது. முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். 'திருத்தம் வேண்டாம்' என்ற குறி லேபில் இருப்பவர் கண்ணில் ஏன் படவில்லை என்பதற்கு எழுத்தில் விளக்கமும் வேண்டும். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுப்பேன்.

பற்றுச்சீட்டின் பிரதி, என் குறிப்பின் பிரதி, இரண்டு அச்சுப் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். இரண்டு படங்களையும் பார்த்து முடித்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஹட்டனில் அச்சிட்டது பெரியம்மாவுக்கு உரியது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பொகவந்தலாவை.