மூன்று அரியரும் ஒரு கோடு போட்ட நோட்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி கொஞ்சம் தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. இங்கே விழுப்புரத்தில் பொங்கல் முடிந்து கரும்பு வெட்டு மும்முரமாக நடக்கிறது. சாயங்காலம் ஆனால் முண்டியம்பாக்கம் ரோட்டில் கரும்பு லாரிகள்தான்.

பேரன் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் பெயிலாகிவிட்டான், வீட்டில் ஒரே அழுகை, ஒரு வாத்தியாராக நீ ஏதாவது எழுது என்று கேட்டிருந்தாய். பொதுவாக ஏதாவது எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் திண்ணைக்கு வரும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன்.

அவள் அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அம்மாவுக்கு நூறு நாள் வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது அல்லவா, அடுத்த ஆண்டே பொறியியலுக்கும் வந்துவிட்டது. அதில்தான் 2023-இல் இவளுக்கு இடம் கிடைத்தது. படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு வருகிறது. அந்த வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் இவள்தான்.

முதல் செமஸ்டர் முடிவு வந்தபோது மூன்று அரியர், அதாவது மூன்று பாடத்தில் பெயில். கணக்கு, இயற்பியல், பைத்தான் என்ற கணினி மொழி. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பெண்! "ஏழரையில் வந்தவங்க இப்படித்தான்" என்று கல்லூரியில் யாரோ காதுபடச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்றாள். அவள் அம்மாதான் கையைப் பிடித்து என் வீட்டுக்கு இழுத்து வந்தார்.

நான் ஒரு அணியை, அதுதான் மேட்ரிக்ஸை, எழுதிக் கொடுத்து, அணிக்கோவை கண்டுபிடி என்றேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை, போட்டுவிட்டாள். அப்புறம் அவள் கொண்டுவந்த ஆங்கில வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு கேள்வியில் கேய்லி-ஹாமில்டன் தேற்றம் என்ற அணிக் கணக்கு விதியைச் சரிபார்க்கச் சொல்லி, 'ஹென்ஸ்' என்று போட்டு, அணியின் நேர்மாறைக் கேட்டிருந்தார்கள். சரிபார்ப்பதை அழகாகச் செய்திருக்கிறாள். நேர்மாறு வரும் இடத்தில் பழைய பள்ளிக்கூட வழியில் மூன்று பக்கம் முட்டி மோதி, நேரம் போய், அடுத்த கேள்வியைத் தொடவே இல்லையாம். "ஹென்ஸ் என்றால் என்ன?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். மேலே செய்ததை வைத்துக் கீழே இருப்பதைப் போடு என்று அந்த ஒரு சொல் சொல்கிறது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நண்பா. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அன்றைக்கே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்ச் சொல், அதற்குக் கீழே ஒரு கணக்கு. டிடர்மினன்ட் என்றால் அணிக்கோவை, ரேங்க் என்றால் தரம், டெரிவேட்டிவ் என்றால் வகைக்கெழு. கலைச்சொற்கள் பத்து நாளில் வசமாகிவிட்டன. படுத்தியது எல்லாம் 'ரெஸ்பெக்டிவ்லி', 'சச் தட்' மாதிரி குட்டிக் குட்டிச் சொற்கள்தான். நோட்டின் பின்பக்கத்தை அவளாகவே தப்புக் கணக்குகளுக்கு என்று ஒதுக்கிக்கொண்டாள். தப்பாகப் போன கணக்கை அடிக்காமல் அப்படியே எழுதி, எந்த வரியில் சறுக்கியது என்று சிவப்பு மையில் குறித்து, பக்கத்தில் மறுபடி போடுவாள். ஒரே கணக்கு நான்கு முறை சிவப்பு வாங்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சனி, ஞாயிறு ஊருக்கு வந்தால் விடியற்காலை அப்பா வெட்டுக்குக் கிளம்பும்போதே அவளும் எழுந்துவிடுவாள்.

உழைப்பு உழைப்பு என்று வகுப்பில் நானும் முப்பது வருஷம் சொல்லியிருக்கிறேன். எந்த இடத்தில் சிக்கிக்கொண்டோம் என்று தெரியாமல் உழைக்கிற பிள்ளை சீக்கிரம் நொந்துபோகும் என்பது இவளைப் பார்த்துத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. சிக்கல் பிடிபட்டதும் அவளை யாரும் உட்கார்ந்து படி என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கணக்கையும் இயற்பியலையும் அடுத்த தேர்விலேயே முடித்தாள். பைத்தான் இன்னொரு முறை இழுத்தது. இப்போது மூன்றாம் ஆண்டு, கையில் ஒரு அரியர்கூட இல்லை. விடுதியில் முதலாம் ஆண்டுப் பெண்கள் நான்கு பேர் அந்த நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்களாம்.

எங்கள் ஊரில் பிள்ளைகளிடம் எல்லோரும் வீரமுத்துவேல் பெயரைச் சொல்வார்கள். 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது திட்ட இயக்குநராக இருந்தவர், இங்கே ரயில்வே தொழிலாளி வீட்டுப் பிள்ளை. நான் மட்டும் அவர் டிப்ளமோவில் ஆரம்பித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். பாலிடெக்னிக்கில் ஆரம்பித்து, பி.இ., அப்புறம் திருச்சி, அப்புறம் சென்னை ஐஐடியில் ஆராய்ச்சி என்று ஒவ்வொரு படியாக ஏறியவர். அத்தனை வருஷம் விடாமல் படித்ததை எண்ணிப் பார்க்கச் சொல்வேன்.

சரி, உன் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுடைய விடைத்தாளை வாங்கி, எந்த வரியில் சறுக்கியிருக்கிறான் என்று நீயே உட்கார்ந்து பார். திட்டாமல் பார். ஒரு நோட்டும் சிவப்புப் பேனாவும் வாங்கிக் கொடு.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பள்ளி முடித்து நாம் கல்லூரியில் படித்த அந்த ஒரு வருஷ பி.யூ.சி.யில் நீ வேதியியலில் பெயிலான கதை அவனுக்குத் தெரியுமா? பதினொரு வருஷம் தமிழில் படித்துவிட்டுப் போன நமக்கு அங்கே எல்லாமே ஆங்கிலம். உன் அம்மா வளையலை அடகு வைத்துக் கட்டிய பீஸ் வீணாகிவிட்டதே என்று ரயிலடியில் உட்கார்ந்து அழுதாய். அப்புறம் செப்டம்பரில் எழுதிப் பாஸ் செய்தாய். பேரனுக்கு நீ பேங்க் மேனேஜர் தாத்தா மட்டும்தான். அந்த முதல் மார்க் ஷீட்டை இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதை எடுத்து அவன் கையில் கொடு.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழன்