எங்க மாவட்டத்துக்குன்னு ஒரு நம்பர் குடுங்க: புள்ளியியல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகத்தோட அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ராமநாதபுரம் மாவட்டத்துல, முதுகுளத்தூர் பக்கம் டியூஷன் எடுக்கிற ஒரு வாத்தியார். கொஞ்ச நாள் முன்னாடி எங்க பக்கம் நடந்த ஒரு தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்கு எங்கிட்ட படிச்ச பசங்கள கூட்டிட்டுப் போயிருந்தேன். மேடையில பேசினவர் ஒருத்தர், நாட்டுல வேலையில்லாதவங்க வெறும் 3.2 சதவீதம்தான், வேலை நெறைய இருக்கு, நம்ம பக்கத்துப் பிள்ளைங்கதான் ஊர விட்டு நகர மாட்டேங்குறாங்கன்னு சொன்னார். கீழ ரெஸ்யூமே ஃபைலோட நின்னதுங்க எல்லாம் பஸ் மாறி மாறி வந்த பிள்ளைங்க. யாரும் எதுவும் பேசல. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அவர் சொன்ன 3.2 உங்க நம்பர்தான். நாட்டுல யாருக்கு வேலை இருக்கு, இல்லன்னு வீடு வீடா கேட்டு நீங்க எடுக்கிற பிஎல்எஃப்எஸ் சர்வேயோட 2023-24 வருடாந்திர அறிக்கையில, 15 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு, மொத்த இந்தியாவுக்கும் சேர்த்து நீங்க சொன்னது. அதே அறிக்கையில 15லேர்ந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு 10.2 சதவீதம்னு போட்டிருக்கீங்க, அதை மேடையில யாரும் வாசிக்கிறதில்ல. சரி, அது உங்க தப்பு இல்ல. ஆனா டெல்லியும் கோயம்புத்தூரும் எங்க பக்கத்து கமுதியும் ஒண்ணா கலந்து வந்த ஒரு நம்பரை வச்சு எங்க பிள்ளைங்கள பாத்து 'வேலை இருக்கு, நீங்கதான் போகல'ன்னு ஒருத்தர் சொல்ல முடியுதுன்னா, அதுக்குக் காரணம் எங்க மாவட்டத்துக்குன்னு மறுத்துச் சொல்ல எங்க கையில ஒரு நம்பர் இல்லாததுதான். அந்த நம்பரைக் கேக்கத்தான் இந்த மடல்.

எங்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு, பேர் வேண்டாம். மேத்ஸ்ல டிகிரி, அப்புறம் பி.எட். எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல பதிஞ்சு வச்சிருக்கு, மூணு வருஷத்துக்கு ஒருக்கா ரினிவல் பண்ணிட்டு இருக்கு. பக்கத்துல பிரைவேட் ஸ்கூல்ல கேட்டா குடுக்குற சம்பளம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாப் போயிடும், வெளியூர் போகலாம்னா அம்மாவுக்கு முடியல. அதனால அப்பா வச்சிருக்கிற பெட்டிக்கடையில உக்காருது. காலையில கடைய தொறக்குறது, கணக்கு எழுதுறது, சாயங்காலம் அப்பா வந்ததும் உள்ள போய் டிஎன்பிஎஸ்சி புக்க எடுக்குறது. சம்பளம்னு ஒரு ரூபா கிடையாது. உங்க கணக்குப்படி இந்தப் பொண்ணு 'வேலையில் இருப்பவர்'. வீட்டுத் தொழில்ல சம்பளமில்லாத உதவியாளர்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல போயிடும். 2023-24ல வேலையில இருக்கிறவங்கள்ல 19.4 சதவீதம் பேர் இந்தக் கட்டத்துலதான் இருக்காங்க, பெண்கள மட்டும் எடுத்தா 36.7. வேலை பாக்குற, இல்ல வேலை தேடுற பெண்களோட பங்கு 2017-18ல 23.3 சதவீதமா இருந்தது 41.7 ஆயிடுச்சுன்னு பெருமையா சொல்றாங்க, அந்த ஏத்தத்துக்குள்ள இந்தப் பொண்ணு மாதிரி எத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு சொல்றவங்க இல்ல. கடையில உக்காருறது வேலை இல்லன்னு நான் சொல்ல வரல, அது வேலைதான், கஷ்டமான வேலைதான். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட போய் 'உனக்கு வேலை கிடைச்சிடுச்சு'ன்னு உங்கள்ல யாராவது நேர்ல சொல்ல முடியுமா?

இதே மாதிரிதான் நூறு நாள் வேலையும். வருஷம் முழுக்க வேலை தேடி அலைஞ்சவர் நடுவுல ஒரு 30 நாள் கண்மாய் வெட்டப் போயிருந்தா, துணை நிலையில வேலை பாத்தவர்னு அவரும் வேலையில்லாதவர் கணக்குல இருந்து வெளிய வந்துடுவார். வாராந்திர கணக்குல இன்னும் மோசம், ஏழு நாள்ல ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பாத்திருந்தா போதும். எங்க பக்கம் கருவேலம் வெட்டி கரிமூட்டம் போடுறவங்க, மிளகாய் பழம் எடுக்கப் போறவங்க, இவங்கள்லாம் சும்மா இருக்க முடியாது சார், சும்மா இருந்தா அன்னைக்கு அடுப்பு எரியாது, அதனால கிடைச்சதை செய்யிறாங்க, அதனால உங்க நம்பர் கொறையுது.

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, இதத்தான் அந்த மேடையில நின்னவர் தெரிஞ்சிருக்கணும். வேலை இல்லாம ஊர விட்டுப் போனவங்க எங்க கணக்குலயே வர மாட்டாங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கிறவன், சென்னையில ஹோட்டல்ல சப்ளை பண்றவன், துபாய், சிங்கப்பூர், மலேசியான்னு போனவங்க யாரும் நீங்க வர்ற அன்னைக்கு எங்க வீட்டு ஆள் கிடையாது. வேலை வந்ததால நம்பர் கொறஞ்சாலும் சரி, ஆளு போனதால கொறஞ்சாலும் சரி, உங்க டேபிள்ல ஒரே மாதிரிதான் தெரியும். வயசானவங்களும் சின்னப் பிள்ளைங்களும் மட்டும் இருக்கிற தெருவுல போய் கேட்டா வேலை தேடுறேன்னு யார் சொல்லப் போறா?

எங்க மாவட்டத்தையும் பக்கத்து விருதுநகரையும் 2018ல நிதி ஆயோக் முன்னேற விழையும் மாவட்டங்கள்னு பட்டியல்ல சேர்த்தாங்க. 49 குறியீடு வச்சு அளக்குறாங்க, ஆரோக்கியம், கல்வி, விவசாயம், வங்கிக் கணக்கு, திறன் பயிற்சின்னு. பயிற்சி முடிச்சவங்கள்ல எத்தனை பேருக்கு வேலை கிடைச்சதுன்னு கூட பாக்குறாங்க. மாவட்டத்துல மொத்தம் எத்தனை பேர் வேலை இல்லாம இருக்காங்கங்கிறது மட்டும் அதுல இல்ல. பின்தங்கிய மாவட்டம்னு பேர் வச்சதுக்கப்புறம் மொத கேள்வியே அதுவாத்தான இருந்திருக்கணும்? கமுதியில 2016ல 648 மெகாவாட் சோலார் பிளான்ட் வந்துச்சு, பெரிய முதலீடுதான், ஆனா சோலார் பேனலுக்கு ஆள் அதிகம் வேண்டியதில்ல. முதலீட்டுக்கு நம்பர் இருக்கு, மெகாவாட்டுக்கு நம்பர் இருக்கு, அந்தத் தாலுகா பசங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்ல நம்பர் இல்ல.

கோவத்துல இன்னொண்ணும் ஞாபகம் வருது, சொல்லிடுறேன். இதே சர்வேயோட 2017-18 அறிக்கை ரெடியாகியும் வெளிய வரல, அதையும் ஒரு காரணமா சொல்லித்தான் 2019 ஜனவரியில தேசிய புள்ளியியல் ஆணையத்துல பொறுப்புத் தலைவரா இருந்த பி.சி. மோகனனும் கூட ஒரு உறுப்பினரும் ராஜினாமா பண்ணாங்க. நாடாளுமன்றத் தேர்தல் முடிஞ்சு மே 31 அன்னைக்குத்தான் வேலையின்மை 6.1 சதவீதம்னு அதிகாரப்பூர்வமா வந்துச்சு. 2021ல எடுக்க வேண்டிய சென்சஸையும் அந்த வருஷம் எடுக்கல. பத்து வருஷத்துக்கு மேல பழைய ஊர்க்கணக்க வச்சுகிட்டுதான் எல்லாத் திட்டமும் போட்டாங்க. இதெல்லாம் உங்க ஆபீஸ்ல உக்காந்து நேர்மையா வேலை பாக்குறவங்க மேல உள்ள கோவம் இல்ல, வெயில்ல வீடு வீடா வர்ற கணக்கெடுப்பாளர் மேல சுத்தமா இல்ல.

2025 ஜனவரியில இருந்து சர்வேய மாத்தியிருக்கீங்க, அதுக்கு நன்றி, மனசாரச் சொல்றேன். முன்னாடி ஒரு லட்சம் சொச்சம் வீடுதான், எழுநூறுக்கும் மேல இருக்கிற மாவட்டத்துக்கு பிரிச்சா சராசரியா ஒண்ணுக்கு 150 வீடு கூட வராது, 13 லட்சத்துக்கு மேல ஜனம் இருக்கிற எங்க மாவட்டத்துக்கு அதுல இருந்து ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு எனக்கும் புரியுது. இப்போ 2.72 லட்சம் வீடு, மாவட்டத்தை அடிப்படையா வச்சு சாம்பிள். மாசாமாசம் நாட்டுக்கு ஒரு நம்பர் வருது. அதே வேகத்துல மாவட்ட நம்பரும் வரணும்.

அதனால பணிவோட கேக்குறேன். மாவட்ட வாரியா வேலையின்மை விகிதத்தை வருஷத்துக்கு ஒரு தடவையாவது வழக்கமா வெளியிடுங்க. சாம்பிள் பத்தலைன்னா மாநில அரசையும் சேர்த்துகிட்டு வீடுகள கூட்டுங்க, எவ்ளோ பிழை இருக்கலாம்னு பக்கத்துலயே போடுங்க, நாங்க புரிஞ்சுக்குவோம். சம்பளமில்லாத உதவியாளர்கள அந்த நம்பர் பக்கத்துலயே, அதே வரியில தனியா காட்டுங்க, எங்கேயோ பின்னாடி டேபிள்ல வேண்டாம். இந்த வீட்டுல இருந்து பொழைக்க வெளிய போனவங்க எத்தனை பேர்னு ஒரு கேள்விய ஒவ்வொரு வருஷமும் சேருங்க. எல்லாத்தையும் தமிழ்லயும் போடுங்க, பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்டுற மாதிரி ஒரு பக்கத்துல. அடுத்த முகாமுக்கு பசங்கள கூட்டிட்டுப் போகும்போது அந்தப் பக்கம் என் கையில இருக்கணும்னு ஆசைப்படுறேன்.

இப்படிக்கு,
முதுகுளத்தூர் பக்கத்துல இருந்து ஒரு டியூஷன் வாத்தியார்