கணக்குச் சொல்லித்தர ஊரிலேயே பெண்கள்

ஆசிரியருக்கு,

தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் தமிழக அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் பற்றிய தங்கள் செய்தி கண்டேன். 2021-இல், 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இத்திட்டத்தின் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் கணக்கும் அறிவியலும் கடினமாவது 8-ஆம் வகுப்புக்கு அப்புறம்தான். உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊரில், இருட்டிய பின் டவுனுக்கு டியூஷன் அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். எம்.எஸ்சி. கணிதம் படித்த மருமகள் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் சொல்லித்தரத் தொடங்கியதும், கணக்கென்றாலே ஒதுங்கிய பெண்பிள்ளைகள் பிளஸ் 1-இல் கணிதப் பிரிவைக் கேட்டு வாங்கினார்கள். 'அந்த அக்கா படித்திருக்கிறாரே' என்ற தைரியத்தை எந்த வழிகாட்டி நூலும் தராது.

படித்துவிட்டு வீட்டிலிருக்கும் இத்தகைய பட்டதாரிப் பெண்களை 9, 10-ஆம் வகுப்புகளுக்கு மதிப்பூதியத்துடன் மாலை நேர ஆசிரியர்களாக அமர்த்தப் பள்ளிக் கல்வித்துறை முன்வர வேண்டும்.

வாசகி, உசிலம்பட்டி