‘மிஸ், ஃபைல காணோம்!’

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆறாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவைப் பாடமாக வைக்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வைக்கட்டும், தப்பில்லை. ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கணினியின் அடிப்படையெல்லாம் தெரியும், அதில் நேரத்தைப் போக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். பதினோரு வருஷமாக ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்குக் கணினி சொல்லித்தருகிறேன். தெரியாது ஐயா.

போன மாதம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஒரு பக்கக் கட்டுரையைத் தட்டச்சு செய்து முடித்தாள். “சேவ் பண்ணிட்டியா?” “பண்ணிட்டேன் மிஸ்.” “எங்கே?” திரையைத் தொட்டுக் காட்டினாள்: “இதோ, இங்கதான்.” சரி, மூடிவிட்டுத் திரும்பத் திற என்றேன். டெஸ்க்டாப்பில் தேடினாள், குப்பைத்தொட்டியில்கூடத் தேடினாள். கண் கலங்கிவிட்டது. ஃபைல் பத்திரமாக டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குள் இருந்தது, கைக்கு வந்த நாலு எழுத்தைப் பெயராக வைத்துக்கொண்டு.

இதே பெண் கைபேசியில் வீடியோ எடுத்து, வெட்டி, பாட்டுச் சேர்த்து இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிடுவாள். அதில் முரண் ஒன்றும் இல்லை. கைபேசியில் ஃபைல் என்ற ஒன்று கண்ணிலேயே படாது. படம் கேலரியில் வந்து நிற்கும், பாட்டு அதற்கான ஆப்பில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு, அந்த இடத்துக்குப் போக ஒரு வழி உண்டு என்பதே பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. அதனால் ஆண்டின் முதல் இரண்டு வாரம் நான் வேறெதுவும் நடத்துவதில்லை. ஃபோல்டர் உருவாக்கு, பெயர் வை, ஃபைலை உள்ளே போடு, வேறு ஃபோல்டருக்கு மாற்று, பெயரை வைத்துத் தேடி எடு. அவ்வளவுதான். (சேவ் பட்டனில் இருக்கும் அந்தச் சதுரம் என்ன என்று வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். 1.44 எம்.பி. மட்டுமே கொள்ளும் ஃப்ளாப்பி என்ற அந்தக் காலத்துச் சேமிப்புத் தட்டு, உன் கைபேசிப் படம் ஒன்றுகூட அதில் அடங்காமல் போகலாம் என்றால் நம்ப மாட்டார்கள்.)

தட்டச்சும் அப்படித்தான். ஒரு பெரிய எழுத்துக்காக கேப்ஸ் லாக்கை அழுத்தி, எழுத்தை அடித்து, திரும்ப அணைக்கிற பிள்ளைகள்தான் அதிகம். தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போவார்கள். எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருப்பது ஆள்காட்டி விரல்களை வைக்கத்தான் என்று சொன்னால் தடவிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பையும் காட்டுவேன். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம் என்று புரிந்ததும் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும் பழக்கம் கொஞ்சம் விடுகிறது.

இது என் வகுப்பறைக் கதை மட்டும் இல்லை. ஐ.சி.ஐ.எல்.எஸ். என்ற பன்னாட்டு ஆய்வு எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணினித் திறனைச் சோதிக்கிறது. 2018-இல் மிக உயர்ந்த நிலையைத் தொட்டவர்கள் 100-க்கு 2 பேர்தான். இணையத்தில் கிடைக்கும் தகவலை நம்பலாமா என்று எடைபோடுவதும் அந்த நிலையில் அடக்கம். என் பிள்ளைகளில் பலர் தேடலில் முதலில் வருவதை அப்படியே நோட்டில் எழுதிவிடுகிறார்கள், பக்கத்திலேயே ‘விளம்பரம்’ என்று போட்டிருந்தாலும். செயற்கை நுண்ணறிவு தரும் பதிலை இவர்கள் எப்படிச் சரிபார்ப்பார்கள்?

பழி பிள்ளைகள் மேல் இல்லை. தேர்வில் நாம் கேட்பது ‘மவுஸ் என்றால் என்ன?’ என்ற இரண்டு மதிப்பெண் கேள்வி. மவுஸைத் தொடாமலே முழு மதிப்பெண் வாங்கலாம். வாரத்துக்கு இரண்டு பீரியட், மூன்று பேருக்கு ஒரு கணினி. நடுவில் உட்கார்ந்தவன் கையில் மவுஸ், மற்ற இருவருக்கும் வேடிக்கை. இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்: மவுஸ் பிடித்தவர் வாய் திறக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதைத்தான் செய்ய வேண்டும், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் மூன்று பேரும் கற்றுக்கொள்வார்கள். அப்புறம், தேர்வு நெருங்கினால் அந்த இரண்டு பீரியடையும் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளும். அதை எங்கே போய்ச் சொல்வது?

அந்த வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை இருந்தால் ஒரு பக்கம் தட்டச்சு செய்து, பெயர் வைத்துச் சேமித்து, பென்டிரைவில் ஏற்றி, வேறு கணினியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று உதவக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு நடுநிலைப் பள்ளிக் கணினி ஆசிரியை